இருபது வருசமா மலை ஏறுற அண்ணாவுக்கு என்ன குடுக்கிறது?

வெள்ளவத்தைக் கடைக்குட்டி:
அடுத்த மாசம் அண்ணாவுக்கு 50 வயசு. சகோதரங்கள் மூண்டு பேர் சேர்ந்து 45,000 ரூபா ஒதுக்கி வச்சிருக்கிறம். ஆள் இருபது வருசத்துக்கு மேல மலை ஏறுறார். சிவனொளிபாத மலை, நக்கிள்ஸ், கிரிகல்பொத்த எல்லாம் பலதரம் போட்டார். போன வருசம் நான் ஒரு பேக் வாங்கிக் குடுத்தன். "நல்லாயிருக்கு பிள்ளை" எண்டு சொல்லி அலுமாரிக்கு மேல வச்சவர். இண்டைக்கும் அது அங்கதான். பழைய பேக்கோடதான் போறார். இந்தமுறை கேட்டுட்டு வாங்குவம் எண்டு வந்தனான். எதைக் குடுத்தா அவர் உண்மையாப் பாவிப்பார்?

கொட்டாஞ்சேனை மலையான்:
தங்கச்சி, சாமான் வாங்காதீங்க. அந்த பேக்க மேல வச்சதுக்கு உங்க மேல பாசம் இல்லன்னு அர்த்தமில்ல. பேக்க ஆளோட உயரத்த பாத்து எடுக்கக் கூடாது. கழுத்தெலும்புல இருந்து இடுப்பெலும்பு வரைக்கும் முதுகோட நீளம் எவ்வளவுன்னு பாத்துதான் எடுக்கணும். ரெண்டு அங்குலம் மாறுனாலும் பாரம் இடுப்புல உக்காராம தோள அறுக்கும். இருபது வருசம் நடந்தவருக்கு தன் உடம்புக்கு எது சரின்னு தெரியும், அத நம்மளால கடையில பாத்து கண்டுபிடிக்க முடியாது.

நான் பொகவந்தலாவைக்காரன். எங்க ஊரு பக்கமாத்தான் பீக்கோ பாதை போகுது. கண்டி ஹந்தானையில ஆரம்பிச்சு நுவரெலியா வரைக்கும் 22 கட்டம், 300 கிலோமீட்டருக்கு மேல. நிறைய இடம் பழைய தோட்டத்து ரோடுதான், புதுசா நடக்கிறவங்களுக்கும் ஏத்த கட்டங்க இருக்கு. அதுல ஒரு கட்டத்துக்கு நீங்க மூணு பேரும் அவரோட போங்க. அவரு வருசக்கணக்கா பாத்துட்டு வர்றத அன்னைக்கு நீங்களும் பாப்பீங்க. அதவிட பெரிய பரிசு என்ன இருக்கு?

பம்பலப்பிட்டி நடையன்:
கூட நடக்கிறது நல்லதுதான், மறுக்கேல்ல. ஆனா "சாமான் வாங்காதே" எண்டதை நான் ஏற்க மாட்டன். அனுபவம் கூடக் கூட ஆக்கள் தங்களுக்கெண்டு செலவழிக்கிறதைக் குறைச்சுக்கொண்டுதான் வருவினம். "இது இன்னும் ஓடும்" எண்டு ஒட்டி ஒட்டிப் பாவிப்பினம். எங்கட அப்பா அப்பிடித்தான்.

நாலு வருசத்துக்கு முந்தி சிவனொளிபாத மலையில இருந்து எரத்னப் பாதையால இறங்கேக்க அப்பாவின்ர வலது சப்பாத்தின்ர அடி அப்பிடியே கழண்டு வந்தது. மேலால பார்த்தா தோல் மினுங்கும், கீழ மெத்தை புட்டு மாதிரி உதிருது. சாரத்தைக் கிழிச்சுச் சுத்திக் கட்டிக்கொண்டுதான் மிச்சத் தூரம் இறங்கினவர். கனக்க மலைச் சப்பாத்துகளில அந்த நடு மெத்தை பொலியூரித்தேன். காத்தில இருக்கிற ஈரம் அதை உள்ளுக்குள்ள சிதைச்சுக்கொண்டே இருக்கும். பெட்டியில வச்சுப் பூட்டினாலும் சிதையும். கொழும்பு ஈரத்துக்குச் சொல்லவே வேணாம். அண்ணாவின்ர சப்பாத்தை எடுத்து அடிக்கு மேல பக்கவாட்டில பெருவிரலால அழுத்திப் பாருங்கோ. வெடிப்புத் தெரிஞ்சாலோ, பிசுபிசுத்தாலோ, காசு முழுக்க சப்பாத்துக்குத்தான் போகவேணும்.

கொட்டாஞ்சேனை மலையான்:
சிதையும்னு சொன்னது உண்மைதான் அண்ணே. ஆனா பேக்கே சரிவரல, சப்பாத்து எப்படி சரிவரும்? எறங்கும்போது பெருவிரல் முன்னால முட்டக் கூடாது, நடக்க நடக்க கால் வீங்கும், அதுக்கும் எடம் வேணும். அவரு கால் உள்ள போகாம அளவு சொல்லவே முடியாது.

பம்பலப்பிட்டி நடையன்:
அப்ப கடைக்கு ஆளையே கூட்டிக்கொண்டு போறது. "பரிசு எண்டா பொதிசுத்தித்தான் இருக்கவேணும்" எண்டு ஆர் சொன்னது? கால் பிசகாம வீடு வந்து சேருறது எங்களுக்குப் பெரிசில்லையா?

தெஹிவளை அக்கா:
நீங்க ரெண்டு பேரும் மலை ஏறுற ஆக்கள். நான் வீட்டில காத்திருக்கிற ஆள். என்ர மனுசன் தனியத்தான் போறவர். மே வெசாக்கோட சிவனொளிபாத மலைக் காலம் முடிஞ்சா பாதையில வெளிச்சமில்லை, தேத்தண்ணிக் கடையுமில்லை. அந்த நேரத்திலதான் "சனமில்லாம அமைதியா இருக்கும்" எண்டு வெளிக்கிடுவார். நான் போன வருசம் ஒரு நல்ல தலை டோர்ச், ஒரு விசில், மடிச்சா உள்ளங்கைக்குள்ள அடங்குற வெள்ளிநிற அவசரப் போர்வை, மூண்டும் வாங்கிக் குடுத்தன். மூண்டும் சேர்ந்து கால்கிலோ வராது. ஹோர்ட்டன் சமவெளியில மார்கழி, தையில உறைபனி விழும். நனைஞ்ச உடுப்போட கால் சுளுக்கி ஒரு இரவு இருக்கவேண்டி வந்தா அந்தப் போர்வைதான் உயிர்.

விசிலை எப்பிடி ஊதுறதெண்டும் ஒரு துண்டில எழுதி வச்சன். ஒரு நிமிசத்துக்கு ஆறுதரம், பிறகு ஒரு நிமிசம் நிப்பாட்டி, திரும்ப ஆறுதரம். அது கனக்க நாடுகளில மலைகளில உதவி கேக்கிற முறை. கேட்ட ஆள் நிமிசத்துக்கு மூண்டுதரம் பதில் குடுப்பார். 1990க்கு அடிச்சா அம்புலன்ஸ் வரும் எண்டு அவர் சொல்லுவார். சிக்னல் இல்லாத காட்டுக்குள்ள எங்கயிருந்து அடிக்கிறது?

கொட்டாஞ்சேனை மலையான்:
அக்கா, மன்னிச்சிருங்க. ஆனா இருபது வருச அனுபவம் உள்ளவருக்கு விசில் குடுத்தா "என்னைய நம்பலையா"ன்னு நெனைக்க மாட்டாரா?

தெஹிவளை அக்கா:
நினைச்சா நினைக்கட்டும் தம்பி. அவரில எனக்கு நம்பிக்கை இருக்கு. மழையிலயும் வழுக்குப் பாறையிலயும்தான் இல்லை. முதல்நாள் ஒண்டும் கதைக்கேல்ல, அடுத்த பயணத்தில விசில் பேக்கின்ர தோள்வாரில தொங்கிச்சு. எனக்கு அது காணும்.

வெள்ளவத்தைக் கடைக்குட்டி:
எல்லாருக்கும் நன்றி. இண்டைக்கு அண்ணா வேலைக்குப் போன நேரம் பழைய பேக்கைத் திறந்து பார்த்தன். பிழைதான், தெரியும்.

சப்பாத்தை அழுத்திப் பார்த்தன், இறுக்கமா இருக்கு. அடியைப் போன வருசம்தான் மாத்தினவராம், அண்ணி சொன்னா. தலை டோர்ச் இருக்கு, விசில் இல்லை. பேக்கின்ர முன் பொக்கற்றுக்குள்ள நில அளவைத் திணைக்களத்தின்ர வரைபடத் தாள் ஒண்டு, 1:50,000. மடிப்பு எல்லாம் கிழிஞ்சு, பின்பக்கம் டேப் ஒட்டி, கிரிகல்பொத்த இருக்கிற இடம் விரல்பட்டு வெள்ளையாப் போச்சு. ஓரமெல்லாம் பென்சிலால சின்னச் சின்னத் திகதி.

அடியில அம்மா தைச்ச அட்டைக் காலுறை, காட்டில அட்டை கடிக்காம இருக்கப் போடுறது. 2011இல தைச்சது எனக்கு ஞாபகம், நான்தான் நாடா வெட்டிக் குடுத்தனான். ஒரு பக்கத்து நாடா அறுந்து அதுக்குப் பதிலா சப்பாத்துக் கயிறு. குதிப்பக்கம் அவரே ஊசியால தைச்சிருக்கிறார், கோணலா. கடையில எவ்வளவோ விக்குது, இதைத்தான் வச்சிருக்கிறார்.

பம்பலப்பிட்டி நடையன்:
தங்கச்சி, சப்பாத்துக் கதையை நான் விடுறன். அம்மாவால இப்பவும் தைக்க ஏலுமா?

வெள்ளவத்தைக் கடைக்குட்டி:
74 வயசு. மெஷின் இருக்கு, கண்தான் மங்கல். நான் ஊசியில நூல் கோத்துக் குடுத்தா தைப்பா. கேட்ட உடன "எத்தினை சோடி?" எண்டுதான் கேட்டவ.

கொட்டாஞ்சேனை மலையான்:
துணிய கவனமா எடுங்க. பின்னல் துணி வேணாம், அதோட கண்ணிக்குள்ள அட்டை தலைய விட்டுரும். நெருக்கமா நெய்த பருத்தித் துணிதான் சரி. தையல் விளிம்ப உள்ள மடிச்சு ரெண்டுதரம் ஓட்டச் சொல்லுங்க, தையல்ல விடுற ஓட்டைதான் அட்டைக்கு வழி. முழங்காலுக்குக் கீழ கட்டுற நாடா நீளமா இருக்கட்டும். வெள்ளைத் துணின்னா அட்டை ஏறுறது தெரியும்.

வரைபடம் நாரஹேன்பிட்டவுல, கிருல வீதியில இருக்கிற நில அளவைத் திணைக்களத்துலயே கேளுங்க. அந்தப் பழைய தாளோட எண்ண எழுதிட்டுப் போங்க.

பம்பலப்பிட்டி நடையன்:
புதுத் தாளில அந்தப் பென்சில் திகதியளை நீங்களே பார்த்து எழுதிக் குடுத்தா எப்பிடி? பழசு கிழிஞ்சு போனா அவற்ற பயணமெல்லாம் அதோட போயிடும்.

தெஹிவளை அக்கா:
வேண்டாம். அது அவரின்ர கையெழுத்து. புதுசு வெறுமையா இருக்கட்டும். விசில் ஒண்டு மட்டும் மறக்காதீங்க.

வெள்ளவத்தைக் கடைக்குட்டி:
அக்கா சொல்லுறதுதான் எனக்கும் சரியாப் படுது, எழுதமாட்டன். வரைபடம், விசில், அம்மாவின்ர காலுறை மூண்டு சோடி. மிச்சக் காசில நாங்கள் நாலு பேரும் பொகவந்தலாவைக்குப் போறம், தங்க இடம் மலையான் அண்ணாதான் சொல்லவேணும்.

தாளின்ர எண்ணை எழுதியாச்சு. அண்ணா வர முதல் அதை முந்தி இருந்த மாதிரியே மடிச்சு வைக்க மூண்டுதரம் முயற்சி செய்தன். மடிப்பு எந்தப் பக்கம் எண்டு இப்பதான் பிடிபட்டது.