பால் ஸ்கோஃபீல்ட் சினிமாவை ஒதுக்கியது சரியா?

வெள்ளித்திரை:
'எ மேன் ஃபார் ஆல் சீசன்ஸ்' (1966) படத்துக்காகச் சிறந்த நடிகர் ஆஸ்கர் வாங்கியவர் பால் ஸ்கோஃபீல்ட். ரிச்சர்ட் பர்ட்டன், மைக்கேல் கெய்ன் எல்லாம் அந்த வருடப் போட்டியில் இருந்தார்கள். வேறு யாராக இருந்தாலும் வரிசையாகப் படம் பண்ணியிருப்பார்கள். இவர் 2008-ல் இறக்கும்வரை நடித்த படங்கள் சொற்பம். எனக்கு இது பேரிழப்பாகத்தான் படுகிறது. 'அமேடியஸ்' நாடகம் 1979-ல் லண்டன் நேஷனல் தியேட்டரில் அரங்கேறியபோது மொசார்ட் மீது பொறாமைப்படும் இசையமைப்பாளர் சாலியேரியாக நடித்தவர் இவர்தான். அதை இன்று எங்கே போய்ப் பார்ப்பது? 1984-ல் அது படமானபோது அந்த வேடத்தில் வேறொருவர் நடித்து ஆஸ்கரும் வாங்கிவிட்டார்.

நாடகப்பிரியா:
சார், நீங்கள் புகழும் அந்தப் படமே மேடை தந்ததுதானே? அதன் நாயகன், அரசருக்குப் பணிய மறுத்த ஆங்கிலேய அமைச்சர் தாமஸ் மோர். அந்த வேடத்தில் 1960-ல் லண்டன் மேடையில் நடித்து, அப்புறம் நியூயார்க்கின் பிராட்வே போய், 1962-ல் நாடகத்துக்கான டோனி விருதும் வாங்கினார். அதற்குப் பிறகுதான் படம். நீதிமன்றக் காட்சியை இன்னொரு முறை பாருங்கள். பொய்ச்சாட்சி சொன்ன ரிச்சர்ட் ரிச்சின் கழுத்தில் புதுப் பதவிச் சங்கிலி. மோர் அதைக் கையில் எடுத்துப் பார்க்கிறார். வேல்ஸ் பகுதிக்கு அட்டர்னி ஜெனரல் பதவி என்று தெரிந்ததும், போயும் போயும் வேல்ஸுக்காகவா என்கிறார். குரலில் ஆத்திரமே இல்லை. அந்த வேடத்தில் அத்தனை இரவு ஊறியவருக்குத்தான் இந்த நிதானம் வரும்.

வெள்ளித்திரை:
அந்தக் காட்சி என் பக்கம்தான் பேசுகிறது. கேமரா கிட்டத்தில் இருந்ததால்தானே அந்த முகம் நமக்குக் கிடைத்தது? பெரிய அரங்கின் கடைசி வரிசைக்கு அது எட்டியிருக்குமா?

குறிஞ்சி:
எட்டியிருக்கிறது. பீட்டர் புரூக் 1962-ல் மேடையேற்றிய 'கிங் லியர்' நாடகத்தில் லியர் இவர். 2004-ல் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனி நடிகர்களிடம் எடுத்த வாக்கெடுப்பில் மிகச் சிறந்த ஷேக்ஸ்பியர் நடிப்பாகத் தேர்வானது அந்த லியர்தான். புரூக்கே அதை 1971-ல் கறுப்பு வெள்ளைப் படமாகவும் எடுத்தார். 72 வயதில் 'க்விஸ் ஷோ' படத்தில் நடித்து மறுபடி ஆஸ்கர் பரிந்துரை பெற்றார். இதையெல்லாம் ஒதுக்கியது என்று எப்படிச் சொல்வது?

நாடகப்பிரியா:
சர் பட்டத்தையே வேண்டாம் என்றவர் அவர். படங்களின் எண்ணிக்கையை வைத்து அவரை அளக்காதீர்கள். சாலியேரியை எங்கே தேடுவது என்று கேட்டீர்களே, பிபிசி 1983-ல் அவரை வைத்தே 'அமேடியஸ்' நாடகத்தை வானொலியில் தந்தது. கேட்டுப் பாருங்கள் சார்.

வெள்ளித்திரை:
கட்டாயம் கேட்கிறேன் அம்மா. ஆனால் எனக்கு அந்த முகமும் வேண்டும். அது கிடைக்காதவரை இழப்பு என்றுதான் சொல்வேன்.