பழைய போலராய்டு 600 கேமரா: புது பிலிம் போட்டும் அசையவில்லை, உதவி தேவை

கேள்வி (சேலம், அஸ்தம்பட்டி)
வணக்கம். பெரியப்பா வீட்டுப் பரணில் ஒரு போலராய்டு 600 கேமரா கிடைத்தது, எடுத்த உடனே அச்சான படம் வெளியே வருமே, அது. மேல்மூடியைத் தூக்கினால் பிளாஷ் எழுந்து நிற்குமே, அந்த வகை. லென்ஸில் பூஞ்சை இல்லை. ஆன்லைனில் ‘போலராய்டு கலர் பிலிம்’ என்று இருந்ததை வாங்கிப் போட்டேன். கதவை மூடியதும் மோட்டார் ஓடி, மேலே இருக்கும் கறுப்பு அட்டை வெளியே வர வேண்டுமாம். ஒன்றும் வரவில்லை, பிளாஷும் ஏறவில்லை. பேட்டரி போடும் இடமே கேமராவில் காணோம். ஞாயிற்றுக்கிழமை ஏற்காட்டில் அக்கா மகளுக்குப் பிறந்தநாள், அதற்குள் சரியாக வேண்டும். சேலத்தில் இதைப் பழுது பார்ப்பவர் யாராவது உண்டா?

பதில் (சேலம் குகைப் பகுதி, ஸ்டுடியோ வைத்திருப்பவர்)
தம்பி, பழுது பார்க்க ஆள் தேடுவதற்கு முன்னால் பிலிம் பெட்டியைப் பாருங்கள். ‘600’ என்று இருக்கிறதா, ‘ஐ-டைப்’ என்று இருக்கிறதா? 600 கேமராவுக்குத் தனியாகப் பேட்டரி கிடையாது. பிலிம் பேக்கின் அடியிலேயே தட்டையான 6 வோல்ட் பேட்டரி ஒன்று இருக்கும். மோட்டார், பிளாஷ், ஷட்டர் எல்லாம் அதில்தான் ஓடும். ஐ-டைப்பில் அந்தப் பேட்டரி இல்லை. பின்னாளில் சார்ஜ் ஏற்றும் புது கேமராக்கள் வந்தபோது அவற்றுக்காகவே வந்த பிலிம் அது, அதனால்தான் விலையும் கொஞ்சம் குறைவு. அளவு ஒன்றே என்பதால் பழைய கேமராவுக்குள் ஒழுங்காகப் போய் உட்கார்ந்துகொள்ளும், ஆனால் கரண்ட் இருக்காது.

கேள்வி கேட்டவர்
ஐ-டைப் என்றுதான் போட்டிருக்கிறது அண்ணா. அப்படியானால் 8 படமும் போச்சா?

பதில் (குகை)
போகவில்லை. கறுப்பு அட்டை வெளியே வரவில்லை இல்லையா? பிலிமை வெளிச்சத்திலிருந்து காப்பதே அந்த அட்டைதான். நிழலில் வைத்துக் கதவைத் திறந்து, பேக்கின் ஓரத்தைப் பிடித்து மெதுவாக இழுங்கள். நடுவில் அழுத்தாதீர்கள். வெளியே எடுத்ததும் அட்டை முழுதாக மூடியிருக்கிறதா என்று பார்த்து, வெளிச்சம் புகாத கவரில் போட்டு வையுங்கள். ஐ-டைப் கேமரா வைத்திருப்பவர் யாரிடமாவது அது வேலை செய்யும்.

பதில் (பேர்லண்ட்ஸ்)
இவ்வளவு சிரமம் எதற்கு? இன்ஸ்டாக்ஸ் மினி பிலிம் வாங்கிப் போடுங்கள். பேக்குக்கு 10 படம், எளிதாகக் கிடைக்கிறது.

பதில் (குகை)
இன்ஸ்டாக்ஸ் நல்ல பிலிம், கல்யாண வீடுகளுக்கு நானே அதைத்தான் சொல்வேன். ஆனால் அது பியூஜியின் தனி வகை, போலராய்டுக்குள் நுழையாது. மினியில் படம் 62 × 46 மில்லிமீட்டர்தான். 600-ல் ஏறக்குறைய 8 சென்டிமீட்டர் சதுரம். தம்பியிடம் நல்ல கேமரா இருக்கிறது, அதைப் பரணுக்குத் திருப்பி அனுப்ப வேண்டாம். இந்த பிலிம் இன்று கிடைப்பதே பெரிய காரியம். 2008-ல் போலராய்டு கம்பெனி உற்பத்தியை நிறுத்திவிட்டது. நெதர்லாந்தின் என்ஸ்கடே ஆலையைச் சிலர் சேர்ந்து காப்பாற்றி, ரசாயனத்தையே புதிதாக உருவாக்கினார்கள். கலர் படம் முழுசாகத் தெளிய இப்போது 15 நிமிடம் வரை ஆவது அதனால்தான்.

பதில் (ஏற்காடு)
தம்பி, என்னிடம் போலராய்டு நவ் என்ற புது கேமரா இருக்கிறது. உங்கள் ஐ-டைப் பேக்கை ஞாயிற்றுக்கிழமை கொண்டு வாருங்கள், பிரிக்காத 600 பேக் ஒன்று தருகிறேன். என் கேமரா இரண்டையும் ஏற்கும், எனக்கு நஷ்டமில்லை.

ஒன்று மட்டும் கவனம். இந்த பிலிமுக்கு 13 முதல் 28 டிகிரி வரைதான் ஒத்துக்கொள்ளும். இங்கே மார்கழிக் காலையில் எடுத்தால் படம் வெளுத்து நீலம் பாயும். எடுத்ததும் முகம் கீழே இருக்கும்படி சட்டையின் உள்பாக்கெட்டில் வைத்துவிடுங்கள், உடம்புச் சூடே போதும். சித்திரை வெயிலில் சேலத்தில் எடுத்தால் நேர்மாறாக மஞ்சளும் சிவப்பும் ஏறும். வரும்போது பேக்கைக் கார் டேஷ்போர்டில் வைக்காதீர்கள், 20 கொண்டை ஊசி வளைவு ஏறி முடிப்பதற்குள் வெந்துவிடும். லேடீஸ் சீட் காட்சிமுனைப் பக்கம் மூடுபனி இருந்தால் பிளாஷ் போடாமல் எடுங்கள். பனித்துளியில் பட்டுத் திரும்பி முகத்தின் மேல் வெள்ளைத் திரை விழுந்துவிடும்.

கேள்வி கேட்டவர் (திங்கள்)
ஏற்காடு அக்கா, குகை அண்ணா, இருவருக்கும் ரொம்ப நன்றி. 600 பேக்கைப் போட்டுக் கதவை மூடியதுமே மோட்டார் ஓடி அட்டை வெளியே வந்தது. பாப்பா கேக் வெட்டும் படம் அருமையாக வந்திருக்கிறது. ஒரே குறை: எல்லாப் படத்திலும் சின்னச் சின்னப் புள்ளிகள், ஒரே இடைவெளியில், ஒரே வரிசையில் வருகின்றன. படம் வெளியே வந்ததும் உதறியதால் இருக்குமா?

பதில் (குகை)
உதறவே கூடாது, இந்தப் பிலிமில் அதனால் பயனும் இல்லை. ஆனால் இது அதனால் வந்ததல்ல. புள்ளி ஒரே இடைவெளியில் வந்தால் உருளையில் அழுக்கு என்று அர்த்தம். கதவைத் திறந்தால் இரண்டு உலோக உருளைகள் தெரியும். படத்தின் அடி ஓரத்தில் இருக்கும் ரசாயனப் பசையைப் படம் முழுக்கப் பரப்புவது அவைதான். அதில் பழைய பசை காய்ந்து ஒட்டியிருக்கும். பருத்தித் துணியை லேசாகத் தண்ணீரில் நனைத்து, உருளையை விரலால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றிக்கொண்டே துடையுங்கள். பிளேடு, ஊசி எதுவும் வேண்டாம், கீறல் விழுந்தால் அது எல்லாப் படத்திலும் வரும். நன்றாகக் காய்ந்த பிறகு மூடுங்கள். அந்தப் பசை காரத்தன்மை கொண்டது, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள். மீதிப் படங்கள் பேக்கிலேயே இருக்கட்டும். கதவைத் திறக்கும்போது மேலே இருக்கும் ஒரு பிலிம் வெளிச்சம் பட்டு வீணாகும், அதனால் இந்தப் பேக் முடிந்ததும் செய்யுங்கள்.