"இந்தியர் வேண்டாம்" என்கிறார் வீட்டுக்காரர், சிங்கப்பூரில் இதற்குச் சட்டம் இல்லையா?

வாடகைவாசி:
செங்காங் பக்கம் அறை தேடுகிறேன். போனில் நன்றாகப் பேசிய முகவர், பெயரைக் கேட்டதும் "ஓனருக்கு இந்தியர் வேண்டாமாம், சமையல் வாசனை" என்று முடித்துவிட்டார். நான் சமைப்பதே இல்லைங்க! வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீடுகளில் இன ஒதுக்கீடு இருக்கிறதே, அது உதவாதா?

புளோக்வாசி:
உதவாது. 1989-இல் வந்த அந்தக் கொள்கை வாங்க, விற்க மட்டும்தான். ஒரு புளோக்கில் சீனர் 87, மலாய்க்காரர் 25, இந்தியரும் மற்றவரும் 15 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. ஒரே இனத்தார் ஒரே இடத்தில் குவியாமல் தடுத்தது என்பது சரி, ஆனால் சீனர் வரம்பு நிரம்பிய புளோக்கில் நம்மவர் சீனருக்கு விற்க முடியாது, வாங்க ஆள் குறைவு, விலையும் இறங்கும்.

தோபாயோ:
2025-இல் நிறைவேறிய பணியிட நியாயச் சட்டமும் வேலைக்குத்தான், வாடகைக்கு இல்லை. வீட்டுக்காரரை ஒன்றும் செய்ய முடியாது. முகவர் விளம்பரத்திலேயே இனத்தைப் போட்டு ஒதுக்கினால், முகவர்களை மேற்பார்வையிடும் மன்றத்தில் புகார் செய்யலாம்.

மயிலாப்பூரான்:
சென்னையில் மட்டும் என்னவாம்? "சைவம் மட்டும்" என்று எழுதுகிறோம், முஸ்லிம் பெயர் என்றால் வீடே காலி இல்லை.

வாடகைவாசி:
அதுவும் தப்புதான், அதற்காக இதை நான் விழுங்க வேண்டுமா? அந்த முகவர் போட்ட விளம்பரத்தைப் படமெடுத்து வைத்திருக்கிறேன். புகார் செய்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.