வடசென்னையில் ஸ்பெக்ட்ரோ (ஒளியை அலைநீளம் வாரியாக அளக்கும் கருவி) வைத்திருப்பவர்கள் யாராவது?

ராயபுரம், வண்ணாரப்பேட்டை, பெரம்பூர் பக்கம் டிசைன், பிரிண்டிங் வேலையில் இருப்பவர்கள் கொஞ்சம் உதவுங்கள்.

பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மானிட்டர். ஒன்று சாதாரண எஸ்ஆர்ஜிபி, இன்னொன்று அதைவிட அதிக நிறங்களைக் காட்டும் வைட் கேமட். இரண்டையும் அரை மணி நேரம் சூடாக விட்டு, டிஸ்ப்ளேகால் மென்பொருளில் ஐ1 டிஸ்ப்ளே ப்ரோ மீட்டர் வைத்து காலிபரேட் செய்தாயிற்று: வெள்ளை டி65, காமா 2.2, வெளிச்சம் 120 நிட்ஸ். சரிபார்த்தால் சராசரி டெல்டா ஈ (நிறப் பிழையின் அளவு) இரண்டிலும் 1-க்குக் கீழே. ஆனாலும் வெள்ளைப் பக்கத்தைத் திறந்தால் வைட் கேமட்டில் லேசாகப் பச்சை அடிக்கிறது.

நைட் லைட், ஆட்டோ பிரைட்னஸ், டைனமிக் கான்ட்ராஸ்ட் எல்லாம் ஆஃப். கேபிளை மாத்திப் பாருங்க என்று ஆரம்பிக்க வேண்டாம், ப்ளீஸ். சந்தேகம், மீட்டர் அளவைப் பேனலுக்கு ஏற்பத் திருத்தும் கரெக்‌ஷன் மேல்தான். வைட் கேமட்டின் பேக்லைட் பிஎஃப்எஸ் என்ற பாஸ்பர் வகை. அதன் ஸ்பெக்ட்ரத்தில் சிவப்பு ஊசி ஊசியாக நிற்கும். சாதாரண ஒயிட் எல்இடி கரெக்‌ஷனோடு அளந்தால் மீட்டர் வெள்ளையைத் தப்பாகப் படிக்கும், டெல்டா ஈயும் அதே தப்போடு அழகாக வரும். பொதுவான பிஎஃப்எஸ் கரெக்‌ஷன் கோப்பைப் போட்டதில் பச்சை குறைந்தது, முழுசாகப் போகவில்லை.

ஐ1 ப்ரோ மாதிரி ஸ்பெக்ட்ரோ வைத்திருப்பவர்கள் ஒரு மணி நேரம் தர முடியுமா? இந்தப் பேனலுக்கும் இந்த மீட்டருக்கும் சேர்த்து சிசிஎம்எக்ஸ் (தனிக் கரெக்‌ஷன் கோப்பு) எடுத்துவிடலாம். மானிட்டரை நானே தூக்கி வருகிறேன், வாடகையும் தருகிறேன்.

வெள்ளையை மட்டும் கண்ணால் ஒப்பிட்டு அதன் எக்ஸ், ஒய் நிற எண்களை மாற்றிக்கொண்டவர்கள் இருந்தால், சாஃப்ட் ப்ரூஃபில் (அச்சு எப்படி வரும் என்று திரையிலேயே பார்ப்பது) சாம்பல் நிறங்கள் சரியாக நின்றதா என்றும் சொல்லுங்கள்.