பிசாரோவின் மோன்மார்த் சாலை: அந்தியா, இரவா?

வண்ணத்தூரிகை: பிரெஞ்சு ஓவியர் கமீல் பிசாரோ 1897இல் வரைந்த பாரிஸ் மோன்மார்த் பெருஞ்சாலை ஓவியத்தை 'அந்தி மயங்கும் நேரத்துக் காட்சி' என்று நேற்று ஒருவர் இங்கே எழுதியிருந்ததைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. அது அந்தி அல்ல, இரவு. ஓட்டல் அறைச் சன்னலோரம் அமர்ந்து அதே சாலையைக் காலை, மழை, மூடுபனி என்று 14 படங்களாகத் தீட்டியவர், இரவில் தீட்டியது இது ஒன்றைத்தான். அந்த ஒன்றையும் அவரிடமிருந்து பறிக்க வேண்டுமா?

மாலைவெயில்: எழுதியவன் நான்தான், 'ஒருவர்' என்று மறைத்துப் பேச வேண்டியதில்லை. வானத்தைப் பாருங்கள், நீலம். இரவு வானம் நீலமாகவா இருக்கும்? 'இரவில் மோன்மார்த் பெருஞ்சாலை' என்ற தலைப்பைச் சான்றாகக் கொண்டுவராதீர்கள். பிசாரோ அந்தப் படத்தில் கையெழுத்தும் இடவில்லை, உயிரோடு இருந்தவரை அதைக் காட்சிக்கும் வைக்கவில்லை.

வண்ணத்தூரிகை: நிழலையே நீலத்திலும் ஊதாவிலும் தீட்டிய பிசாரோ போன்ற ஓவியர்களிடம் கறுப்பு வானத்தை எதிர்பார்ப்பது உங்கள் பிழை. விளக்குகளைப் பாருங்கள். சாலை நடுவே மின்விளக்குகள் வெள்ளைத் திட்டுகளாக வரிசையாகச் சென்று தேய்கின்றன. இருபுறக் கடைகளின் மஞ்சள் வெளிச்சம் ஈரத் தரையில் கரைந்து வழிகிறது. பகலொளி மிச்சமிருந்தால் அந்த ஈரம் விளக்கையா காட்டும், வானத்தை அல்லவா காட்டும்?

மாலைவெயில்: விளக்கை அந்தியிலும் ஏற்றுவார்கள். நீலத்துக்கு இன்னும் பதில் வரவில்லை.

கரைமணல்: அந்தி என்பது கதிர் மறைந்து எவ்வளவு நேரம் வரை என்று முதலில் வரையறுத்துக்கொண்டால் இருவருக்கும் நல்லது.

வண்ணத்தூரிகை: பதில் சொல்லிவிட்டேன், படிக்க மறுத்தால் நான் என்ன செய்வது? பிரான்சின் லெ ஆவ்ர் துறைமுகத்தை ஓவியர் மோனே வரைந்த உதயக் காட்சியைப் போன மாதம் அஸ்தமனம் என்று சாதித்தவரும் இந்த மாலைவெயில்தான். அன்றும் முயலுக்கு மூன்றே கால், இன்றும் மூன்றே கால். லண்டன் நேஷனல் கேலரியில் இந்த ஓவியத்தின் முன் நான் நெடுநேரம் நின்றிருக்கிறேன். கிட்டே போனால் வண்டியும் மனிதரும் மறைந்து வெறும் தீற்றல்கள்தான் மிஞ்சும். எட்டி நின்றால் அந்தத் தீற்றல்களே கூட்டமாகி நகரும். கைப்பேசித் திரையில் பார்த்துவிட்டு நிறத்தைப் பற்றித் தீர்ப்பு எழுதக் கூடாது.

மாலைவெயில்: லண்டன் போய்வந்தவருக்குத்தான் கண் இருக்கிறதா? இங்கே பலர் அச்சுப் படங்களைப் பார்த்தே ஓவியம் கற்றவர்கள். அவர்களையும் சேர்த்து அவமதிக்கிறீர்கள்.

சன்னலோரம்: கண் என்றதும் நினைவுக்கு வருகிறது. நாட்பட்ட கண்நோயால் வெளியில் நின்று வரைய முடியாமல்தான் பிசாரோ அறைக்குள் ஒதுங்கினார். மங்கிய பார்வைக்கு வானம் அப்படித் தெரிந்திருக்கலாம் அல்லவா?

வண்ணத்தூரிகை: நோயைக் காட்டி அவருடைய நிறத்தைக் குறைத்துப் பேசாதீர்கள். அவருக்குத் தொல்லை கண்ணீர்ப் பையில், பார்வையில் அல்ல. அந்த நீலம் அவர் தெரிந்தே வைத்த நீலம், இரவின் நீலம்.

மாலைவெயில்: நீலம் என்று ஒப்புக்கொண்டீர்களே, அது போதும்.

வண்ணத்தூரிகை: நான் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. விளக்குகளைப் பாருங்கள்.