காம்ப் நோவில் ஃபிராங்க்ஃபர்ட் 3-2: ஜெயிக்க வெச்சது கூட்டமா, கோஸ்டிச் பக்கமா?

இடதுகால்:
2021-22 யூரோப்பா லீக் காலிறுதி பத்தி ஒரு கேள்வி. ஏப்ரல் 14 அன்னிக்கு ஐன்ட்ராக்ட் ஃபிராங்க்ஃபர்ட் பார்சலோனாவை அவங்க மைதானத்துலயே 3-2ன்னு வெளியேத்தினாங்க. மேட்ச் முழுக்க பந்து பார்சா கால்லதான் இருந்துச்சு. அதுக்கு மூணரை வாரம் முன்னாடி பார்சா கோச் சாவியோட டீம், ரியல் மாட்ரிட் மைதானமான பெர்னபேவுக்குப் போய் 4-0ன்னு ஜெயிச்சுட்டு வந்திருந்தது. ஃபிராங்க்ஃபர்ட்டோ அந்த சீசன் ஜெர்மன் லீக்கான புண்டஸ்லிகாவை 11-ஆவது இடத்துல முடிச்ச டீம். கேலரியில 30,000 ஜெர்மன் ரசிகர்கள் இருந்தாங்க, அதனாலதான் ஜெயிச்சாங்கன்னு எங்க பார்த்தாலும் எழுதறாங்க. மைதானத்துக்குள்ள ஃபிராங்க்ஃபர்ட் கோச் கிளாஸ்னர் என்ன செஞ்சார்னு யாராவது விவரமா சொல்லுங்க. இவ்வளவு தெளிவா ஆடத் தெரிஞ்ச டீம் லீக்ல ஏன் தடுமாறுச்சு?

மூணுபேக்:
காலிறுதி ரெண்டு லெக், அதாவது ரெண்டு மேட்ச். முதல் லெக்லேர்ந்து பார்க்கணும் நண்பா, விடை அங்கதான் இருக்கு. ஃபிராங்க்ஃபர்ட்ல நடந்த அந்த மேட்ச்ல சாவி அராவ்ஹோவை ரைட் பேக்ல, அதாவது வலது ஓர டிஃபெண்டரா நிறுத்தினார். அதுக்கு ஒரு காரணம், ஃபிராங்க்ஃபர்ட்டோட இடது ஓரத்துல ஓடற ஃபிலிப் கோஸ்டிச். ஓட்டத்துல கோஸ்டிச்சுக்கு ஈடு கொடுக்கக்கூடிய டிஃபெண்டர் அவர். அந்த மேட்ச்லயே பார்சாவோட நடு டிஃபெண்டர் பிக்கே காயத்தோட வெளியே போனார். ரெண்டாவது லெக்ல அராவ்ஹோ நடுவுக்கு வர வேண்டியதாச்சு, ரைட் பேக் இடம் மிங்கேசாவுக்குப் போச்சு. கிளாஸ்னருக்கு அதுக்கு மேல என்ன வேணும்?

அமைப்பு 3-4-2-1 (பின்னாடிலேர்ந்து முன்னாடி வரைக்கும் ஒவ்வொரு வரிசையிலயும் எத்தனை பேர்ங்கற கணக்கு). பந்து இல்லாதப்போ 5-4-1. முன்னாடி நின்ன ஸ்ட்ரைக்கர் போரே பார்சாவோட சென்டர் பேக்கை (நடு டிஃபெண்டரை) விரட்டவே இல்ல. பார்சா நடுக்களத்துல இருந்த புஸ்கெட்ஸுக்குப் போற பாஸை மறைச்சு நின்னார், அவ்வளவுதான். கமாடாவும் லிண்ட்ஸ்ட்ரோமும் உள்பக்கம் நெருக்கி நின்னு பெட்ரி, காவிக்குப் போற வழியை அடைச்சாங்க. அப்போ பார்சாவுக்கு மிச்சம் இருந்தது ஓரம். பந்து ஃபுல் பேக் காலுக்குப் போற அந்த நொடிதான் சிக்னல். விங் பேக், அதாவது ஓரம் முழுக்க மேலயும் கீழயும் ஓடறவர், பாய்வார், அவருக்குப் பின்னாடி இருக்கிற ஓர சென்டர் பேக் சறுக்கி வந்து அந்த இடத்தை மூடுவார். இடது பக்கம் கோஸ்டிச் பாய, பின்னாடி எண்டிக்கா. வலது பக்கம் க்னாஃப் பாய, பின்னாடி டூரே.

இதுல சிக்கல் எங்க வரும்னா, ஓர சென்டர் பேக் அரை நொடி தாமதிச்சா விங் பேக்குக்கும் அவருக்கும் நடுவுல ஒரு சந்து திறக்கும். முதல் லெக்ல ஃபெரான் டோரஸ் போட்ட கோல் டெம்பெலேவும் ஃப்ரெங்கி டி யோங்கும் பாக்ஸுக்குள்ள குட்டிக் குட்டி பாஸ் ஆடித் தடுப்பைக் கலைச்சதால வந்தது. ரெண்டாவது லெக்ல அந்தச் சந்தை முக்கால்வாசி நேரம் மூடியே வெச்சிருந்தாங்க.

பந்து பறிச்சதும் என்ன நடந்துச்சுன்னு கவனிங்க. பின்னாடி பாஸ் கிடையாது. முதல் பாஸ் கமாடாவுக்கு, ரெண்டாவது பாஸ் நேரா இடது ஓரத்துக்கு. மூணாவது கோல், 67-ஆவது நிமிஷம், இந்த டீமோட மொத்த யோசனையும் அதுல இருக்கு. கமாடா பந்தைத் தள்ளிவிடறார், கோஸ்டிச் ஓடிவந்த வேகத்துலயே இடது காலால தரையோட குறுக்கா அடிக்கிறார், பார்சா கோல்கீப்பர் டெர் ஸ்டேகனைத் தாண்டி தூர மூலைக்குப் போகுது. உள்ள வெட்டல, பந்தை நிறுத்தல. டிஃபெண்டர் காலை வைக்கவே நேரம் தரல.

லீக்ல ஏன் 11? எதிரணி முன்னேறி வந்தாதான் அவங்க முதுகுக்குப் பின்னாடி இடம் கிடைக்கும். அதே சீசன் அக்டோபர்ல மியூனிக் போய் பயர்னை 2-1ன்னு ஜெயிச்சவங்கதான் இவங்க, அங்கயும் வெற்றி கோல் கோஸ்டிச்தான். ஆனா பின்னாடி இறங்கி உக்கார்ற டீம் வந்தா பந்து இவங்க கைக்கு வந்துடும். அதை வெச்சுப் பூட்டைத் திறக்க கோஸ்டிச்சோட கிராஸைத் தவிர வழி ரொம்பக் குறைவு. வசந்த காலத்துல யூரோப்பா லீக் நடக்கற வியாழக்கிழமைதான் அவங்களுக்கு முக்கியமா இருந்துச்சு, அதையும் சேர்த்துக்கணும்.

வடக்குகேலரி:
மேல சொன்னது எல்லாம் சரி. ஆனா கூட்டத்தை ஒதுக்கித் தள்ளிடாதீங்க. ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு ஒதுக்கின டிக்கெட் 5,000தான். உள்ள வந்தது அதுக்கு ஆறு மடங்கு. அது எப்படின்னா, மறுநாள் புனித வெள்ளி, பார்சலோனாக்காரங்க நிறைய பேர் விடுமுறைக்கு ஊரைவிட்டுக் கிளம்பற நேரம். பார்சா கிளப் உறுப்பினர்கள் விட்ட டிக்கெட், பொது விற்பனைக்கு வந்த டிக்கெட், கைமாறின டிக்கெட்னு எல்லா வழியிலயும் வாங்கிட்டாங்க. டிக்கெட்ல பேர் போடாத வரைக்கும் கதவுல யாரையும் தடுக்க முடியாது. அப்புறம்தான் பார்சா கிளப், பேர் போட்ட டிக்கெட்டுக்கு மாறுச்சு.

ஆட்டத்துல இதுக்கு என்ன வேலை? வெளியூர் ரசிகர்கள் 5,000 பேர் ஒரு மூலையில இருந்தா, கோல் வாங்கின அடுத்த பத்து நிமிஷம் உள்ளூர்க் கூட்டம் தன் டீமைத் தூக்கி நிறுத்தும். நாலாவது நிமிஷமே எரிக் கார்சியா லிண்ட்ஸ்ட்ரோமை பாக்ஸுல இழுத்து, கோஸ்டிச் பெனால்டி போட்டதுக்கு அப்புறம் அந்தச் சத்தம் வரவே இல்ல. நாலு பக்க கேலரியிலயும் வெள்ளைச் சட்டை. பார்சாக்காரன் கண்ணுக்கு அது பரம எதிரி ரியல் மாட்ரிட்டோட நிறம்னு சொல்லணுமா? ரெண்டாவது பாதி ஆரம்பிக்கும்போது பார்சாவோட கோஷம் போடற கூட்டமே எதிர்ப்பு தெரிவிச்சு இடத்தைக் காலியா விட்டுட்டாங்க. வீட்டு மைதானம்ங்கற பலம் அன்னிக்கு இடம் மாறிப்போச்சு.

இடதுகால்:
நன்றி ரெண்டு பேருக்கும். ஒரு உறுத்தல் மட்டும் இருக்கு. 3-0 இருந்தது 90 நிமிஷத்துக்கு மேல சேர்த்த நேரத்துல 3-2 ஆச்சு. அமைப்பு அவ்வளவு உறுதின்னா அது எப்படி?

மூணுபேக்:
கேட்டது நியாயம். அது அமைப்போட விலை. விங் பேக் 80 நிமிஷம் மேலயும் கீழயும் ஓடினா கடைசியில பாய முடியாது, அஞ்சு பேர் கோடு தானா கோல் பக்கம் இறங்கிடும். இறங்கினா பாக்ஸ் விளிம்புல ஆள் இருக்காது, புஸ்கெட்ஸ் கோல் அடிச்ச இடம் அதுதான். பார்சாவோட லூக் டி யோங் மாதிரி உயரமான ஆள் உள்ள இருக்கும்போது கிராஸ் மேல கிராஸ் விழுந்தா தப்பு நடக்கும். எண்டிக்கா அவரைத் தடுத்து ரெண்டாவது மஞ்சள் வாங்கினார், டெபாய் பெனால்டியைப் போட்டார். இன்னும் அஞ்சு நிமிஷம் இருந்திருந்தா தாங்கியிருப்பாங்கன்னு நான் சொல்ல மாட்டேன்.

ஆனா இறங்கினாலும் கலையாத டீம் இது. அந்தத் தொடர்ல 13 மேட்ச், ஒண்ணுலயும் தோக்கல. மே 18, செவில் இறுதி, ஸ்காட்லாந்து டீம் ரேஞ்சர்ஸுக்கு எதிரா கொளுத்தற சூட்டுல 120 நிமிஷம். ஃபிராங்க்ஃபர்ட் டிஃபெண்டர் டூட்டா வழுக்கி விழ, ரேஞ்சர்ஸோட அரிபோ கோல் போட்டார். பன்னெண்டு நிமிஷத்துல பதில், மறுபடியும் கோஸ்டிச் இடது ஓரத்துலேர்ந்து தாழ்வா ஒரு கிராஸ், ரெண்டு டிஃபெண்டருக்கு நடுவுல போரே காலை நீட்டறார். 118-ஆவது நிமிஷம் ரேஞ்சர்ஸோட கென்ட் கிட்டக்க இருந்து அடிச்சதை ஃபிராங்க்ஃபர்ட் கோல்கீப்பர் டிராப் காலால தடுத்தார். பெனால்டி ஷூட்அவுட்ல ரேஞ்சர்ஸோட ராம்சே அடிச்சதும் அவர் கால்லதான் பட்டுது.

வடக்குகேலரி:
அஞ்சாவது பெனால்டிக்கு போரே நடந்து போனதையும் சேர்த்துக்கோங்க. மேல் மூலையில வெச்சார். 5-4. 1980 யூஈஎஃப்ஏ கோப்பைக்கு அப்புறம் 42 வருஷம் கழிச்சு அந்த டீமுக்கு ஒரு ஐரோப்பியக் கோப்பை.