சிகானா கலைஞர்கள் பற்றி யாரிடமாவது நூல், பேட்டி உண்டா?

வணக்கம் நண்பர்களே. மெக்சிகோ வம்சாவளி அமெரிக்கப் பெண் கலைஞர்கள், அதாவது சிகானா கலைஞர்கள், பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

புகைப்படக் கலைஞர் லாரா அகிலார் (1959–2018) பற்றிய பகுதி ஏறக்குறைய முடிந்துவிட்டது. 1990இல் அவர் உருவாக்கிய மூன்று பகுதிப் படம் பலருக்கும் தெரிந்திருக்கும். ஒரு பக்கம் அமெரிக்கக் கொடி, மறுபக்கம் மெக்சிகோ கொடி, நடுவில் அவரே. தலையை மெக்சிகோ கொடி மூடியிருக்கிறது, இடுப்பில் அமெரிக்கக் கொடி, கழுத்தில் தடித்த கயிறு. இரண்டு நாடும் சேர்ந்து ஒருத்தியைக் கட்டிப்போட்டிருப்பதை இதைவிட நேராகக் காட்ட முடியாது.

இழுத்துக்கொண்டிருப்பது ஆஸ்கோ குழு பற்றிய பகுதிதான். 1970களில் கிழக்கு லாஸ் ஏஞ்சலஸில் நான்கு பேர் தொடங்கிய கலைக்குழு. அதில் பட்ஸி வால்டெஸ் ஒருவர்தான் பெண். எடுக்கவே எடுக்காத சினிமாவுக்கு ஸ்டில் மட்டும் எடுத்தவர்கள்! 1974இல் வால்டெஸைச் சுவரோடு டேப் போட்டு ஒட்டி, அதையே சுவரோவியம் என்றார்கள். ஆனால் என் கைக்கு வந்த கட்டுரைகளில் பேசுவதெல்லாம் ஆண்கள்.

வால்டெஸின் பேட்டி எதுவானாலும் சரி, தந்து உதவுங்கள். அப்புறம், சான் பிரான்சிஸ்கோவின் முஹேரெஸ் முராலிஸ்தாஸ் என்ற குழுவின் பெண்கள் சேர்ந்து சுவரோவியம் வரைந்ததைக் காட்டும் படங்களும் தேவை. அமெரிக்காவில் இருப்பவர்கள் பக்கத்து நூலகத்தில் பார்த்து நூலின் பெயரை மட்டும் சொன்னாலும் போதும்.